அவளுக்குப் பசிச்சிருக்கும்

எங்கள் வீட்டு ஹோலில் இருக்கும் நாலடி மீன்தொட்டியைப் பார்த்ததும் வருகிறவர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள். அடுத்த கேள்வி, "இது தின்னுற மீனா?" இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டு, மூலைக் கல்லுக்குள் ஒதுங்கி நிற்கும் ஒரு மஞ்சள் மீனைக் காட்டி, "அது வாய்க்குள்ள குஞ்சு வச்சிருக்கு, இரண்டு கிழமையாச் சாப்பிடல்ல" என்று நான் சொன்னால் போதும். அத்தனை பேருக்கும் குரல் தாழ்ந்துவிடும். தாய்ப்பாசம் என்பார்கள். சிலர் வீடியோ எடுத்து, பின்னால் ஒரு அம்மா பாட்டைப் போட்டு ஸ்டேட்டஸில் விடுவார்கள். ஒரு நண்பர் தன் மனைவியைக் கூப்பிட்டு, "பாரும், ஒரு மீனுக்கு எவ்வளவு பொறுப்பு" என்றார். அந்த அக்கா தொட்டியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், இடுப்பில் இருந்த பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே போய்விட்டார்.

இந்தப் பேச்சு எனக்கு நெடுநாளாகவே ஒட்டவில்லை. ஏன் என்று கேட்டால் சட்டென்று சொல்லவும் தெரியவில்லை. மீனைப் புகழ்ந்தால் மீன் வளர்க்கிறவனுக்குச் சந்தோஷம்தானே வரவேண்டும்? மீன்பாடும் தேன்நாடு என்கிற மட்டக்களப்பில், அதுவும் பாடும் மீனுக்குப் பேர்போன கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட இருந்துகொண்டு வாயே திறக்காத மீனை வளர்க்கிறாய் என்று நக்கலடிப்பவர்களோடு எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. உருகுகிறவர்களோடுதான் பிரச்சினை.

வாய்க்குள் நடப்பது

என்னிடம் இருப்பது மலாவி ஏரியின் மீன். கடையில் யெல்லோ சிக்லிட் என்றால் எடுத்துத் தருவார்கள். புத்தகத்தில் லேபிடோக்ரோமிஸ் செருலியஸ். மலாவி ஏரி ஆப்பிரிக்காவின் கிழக்குப் பக்கம் கிடக்கிறது. பரப்பில் இலங்கையின் பாதிக்குச் சற்றுக் குறைவு, ஆழம் 700 மீற்றர் வரை போகும். அந்த ஓர் ஏரிக்குள் சிக்லிட் குடும்பத்தில் மட்டும் பல நூறு இனங்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை முட்டையை வாயில் வைத்துக் காப்பவை, அதுவும் தாய் மட்டும். தகப்பனுக்கு முட்டையிடும் கல்லோடு கடமை முடிந்துவிடும்.

முட்டையிடும் நாளில் தொட்டியை விட்டு எழும்ப மனம் வராது. ஆண் ஒரு தட்டைக் கல்லைத் துப்புரவாக்கிவிட்டு உடம்பை நடுக்கி நடுக்கிப் பெண்ணை அழைக்கும். பிறகு ஒன்றின் வாலுக்கு மற்றது முகம் வைத்து இரண்டும் வட்டமிடும். பெண் ஒன்றிரண்டு முட்டை விடும், உடனே திரும்பி அதை வாய்க்குள் எடுத்துவிடும். முட்டை கல்லில் கிடப்பது கண்மூடித் திறக்கும் நேரந்தான். ஆணின் அடிச்செட்டையில் மஞ்சளாகச் சில புள்ளிகள் இருக்கும், முட்டையின் நிறம், ஏறக்குறைய முட்டையின் அளவு. பெண் அந்த இடத்தையும் போய்க் கொத்தும். அந்த நேரம் பார்த்து ஆண் விந்தை விட, வாய்க்குள் இருக்கும் முட்டை அங்கேயே கருக்கட்டும். அந்தப் புள்ளி போலி முட்டை, பெண்ணை ஏமாற்றி வாயைத் திறக்க வைக்கிறது என்று ஜெர்மன் விலங்கியலாளர் வொல்ஃப்காங் விக்லர் 1962இல் எழுதினார். பின்னால் வந்தவர்கள் அந்தப் புள்ளிகளுக்கு வேறு வேலைகளும் சொல்லியிருக்கிறார்கள். எது எப்படியோ, இந்தப் பெரிய தாய்ப்பாசக் கதை ஒரு சின்னத் தகப்பன் தந்திரத்தோடுதான் தொடங்குகிறது என்று நினைக்க எனக்குச் சிரிப்பு வரும்.

அதற்குப் பிறகு தாடை முழுதாக மூடாது. தொண்டை கீழே தொங்கும். நாளெல்லாம் வாய் அசைந்துகொண்டே இருக்கும். முட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் புதுத் தண்ணீர் படவைக்கிற வேலை அது. புரட்டாவிட்டால் முட்டையில் பூஞ்சணம் பிடித்துவிடும். சாப்பாடு போடும் நேரத்தில்தான் அவளைக் கவனிக்க வேண்டும். மற்றவை எல்லாம் மேலே பாய்ந்து அடிபடும். அவளும் வருவாள். மிதந்து இறங்கும் ஒரு துணுக்குக்கு நேர் எதிரே வந்து நிற்பாள். துணுக்கு கீழே போகப் போகக் கண்ணும் கூடவே இறங்கும். வாய் ஒரு நூலளவு திறக்கும், மூடும். துணுக்கை வேறொருத்தி கொத்திக்கொண்டு போவாள், இவள் கல்லுக்குத் திரும்புவாள். முதல் சில நாட்கள்தான் இப்படி வருவாள். பிறகு மேலே வருவதையே விட்டுவிடுவாள். இரண்டாம் கிழமை முடியும்போது வயிறு உள்வாங்கி, முதுகு கூராகி, தலை மட்டும் பெரிதாகத் தெரியும். தண்ணீர் 26, 27 பாகையில் இருந்தால் மூன்று கிழமையளவில் குஞ்சுகளை வெளியே விடுவாள். ஒரு சென்ரிமீற்றர்கூட வராத குஞ்சுகள், ஆனால் செட்டை, கண், நிறம் எல்லாம் பெரியதன் அதே அச்சு. பத்து இருக்கும், நல்ல தாய் என்றால் இருபது, இருபத்தைந்து.

சந்தையில் யாரும் உருகுவதில்லை

இந்த வித்தை ஒன்றும் நமக்குப் புதிதில்லை. நாங்கள் யப்பான் மீன் என்று சொல்லி வாங்கிப் பொரிக்கிற திலாப்பியாவும் சிக்லிட்தான், இதே மாதிரி தாய் வாயில் குஞ்சு காக்கிற மீன்தான். மொசாம்பிக் திலாப்பியா இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது 1952இல். குளத்து மீன்பிடி என்று ஒரு தொழில் பெரிதாகத் தலையெடுத்ததே அதற்குப் பிறகுதான். உன்னிச்சை, உறுகாமம், நவகிரி என்று குளம் குளமாகப் பரவி, உப்புத் தண்ணீரையும் தாங்கும் என்பதால் வாவியிலும் இருக்கிறது. வலையில் பட்டதும் தாய்மீன் பெரும்பாலும் வாயில் உள்ளதைத் துப்பிவிடும். சிலது துப்பாமலே கரைக்கு வரும். சந்தையில் வெட்டுகிறவர் செவுளைப் பிடித்து இழுக்கும்போது மஞ்சள் முட்டைகள் பலகையில் உருளும். அவர் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, "முள்ளோட வெட்டவா, துண்டு போடவா?" என்று கேட்பார். அங்கே யாரும் வீடியோ எடுத்ததை நான் பார்த்ததில்லை.

கடல் கெளிறு இன்னும் ஒரு படி மேலே. அதில் முட்டையை வாயில் வைத்திருப்பது ஆண். ஒவ்வொரு முட்டையும் போளையளவு, பிள்ளைகள் விளையாடும் கண்ணாடிப் போளையேதான். அந்தத் தகப்பனும் குஞ்சு வெளியே போகும்வரை பட்டினிதான். தந்தைப்பாசம் என்று யாராவது கண்கலங்கினார்களா? "இந்தக் கெளிறு மெலிவு, சதை இல்ல" என்று விலையைக் குறைத்துக் கேட்பார்கள். வெளியிலிருந்து கொண்டுவராமல் இலங்கையில் இயல்பாகவே இருக்கிற சிக்லிட்கள் இரண்டுதான் உண்டு. அவை வாயில் வைப்பதே இல்லை. கல்லிலோ கட்டையிலோ முட்டையை ஒட்டிவிட்டுத் தாயும் தகப்பனுமாகக் காவல் நிற்கும். எங்கள் சொந்த மீன் வேலையைப் பங்குபோடுகிற மீன். அதைப் பற்றியும் ஒரு பாட்டு இல்லை.

ஆக, எங்களை உருக வைப்பது குஞ்சு காப்பது மட்டும் இல்லை. தாய் ஒருத்தி, தனியாக, சாப்பிடாமல் இருக்கிறாள். அந்தப் பட்டினிதான் எங்களுக்குப் பிடித்திருக்கிறது. இப்படி எழுதினால் சிலருக்குக் கோபம் வரும் என்று தெரியும். ஆனால் எங்கள் பக்கத்தைப் பாருங்கள். குடி என்கிற குலம் தாய்வழியாக வருகிறது, வீடு வளவு மகளுக்குப் போகிறது, கலியாணம் கட்டிய ஆண் பெண் வீட்டுக்குப் போய் இருக்கிறான். வீடு அவள் பெயரில். சாப்பாடு மட்டும் எல்லோரும் சாப்பிட்ட பிறகு, சட்டியில் மிஞ்சியதில். அதைப் பெருமையாகவும் சொல்வோம்: எங்கட அம்மா கடைசியாத்தான் சாப்பிடுவா.

கிணறு, கச்சான், மின்சாரம்

வளர்க்க நினைப்பவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். மலாவி ஏரித் தண்ணீர் காரத்தன்மையானது, பி.எச். எட்டை ஒட்டி. எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கேத்தலில் கொதிக்க வைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும். மனிதருக்கு எரிச்சல், இந்த மீனுக்கு அதுதான் வேண்டும். பைப் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் வாளியில் வைத்துவிட்டு, ஃபில்டருக்குள் கடற்கரையில் பொறுக்கிய மட்டிச் சிப்பிகளைக் கழுவி அவித்துப் போடலாம். ஹீட்டர் இங்கே தேவையே இல்லை. பிரச்சினை மறுபக்கம். கச்சான் காற்று தொடங்கி வீடே அடுப்பாகும் மாதங்களில் தொட்டி 30 பாகையைத் தாண்டும். சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவு. மூடியைக் கழற்றி, தண்ணீருக்கு மேலே ஒரு சின்ன ஃபேனைப் பூட்டிவிட்டால் இரண்டு மூன்று பாகை இறங்கும். ஃபேனுக்கு மின்சாரம் வேண்டும். அங்கேதான் வருகிறோம்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. டீசல் இல்லை, காஸ் இல்லை, பால்மா இல்லை. அந்த நேரத்தில் மீனைப் பற்றிக் கவலைப்பட்டேன் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கவலைப்பட்டேன். பற்றரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வைத்திருந்தேன், அது நடுச்சாமத்துக்கு முன்பே ஓய்ந்துவிடும். பிறகு கோப்பையால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தொட்டியில் ஒரு பெரிய பெண்மீன் வாய் நிறையக் குஞ்சோடு நின்றது. இரண்டாம் கிழமை தாண்டி, இன்னும் சில நாளில் விட்டுவிடும் என்ற நிலை.

அந்தக் கிழமைதான் பெரியம்மா வந்து எங்கள் வீட்டில் மாட்டிக்கொண்டார். அவர் படுவான்கரை, வாவிக்கு மேற்குப் பக்கம். அம்பிளாந்துறையிலிருந்து பாதை என்கிற மிதவைப் படகேறி ஆற்றைக் கடந்து குருக்கள்மடத்துக்கு வந்து, பஸ் பிடித்துக் கண் கிளினிக்குக்கு வந்தவர்; திரும்பிப் போக பஸ் இல்லை. எங்கள் வீட்டில் இரவெல்லாம் விளக்கில்லாமல் இருக்க அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கதிரையை மீன்தொட்டிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார். நான் மெழுகுதிரி வெளிச்சத்தில் தண்ணீர் அள்ளி ஊற்றுவதைப் பார்த்து, "ஆருக்கு மனே குளிப்பாட்டுறாய்?" என்றார். விசயத்தைச் சொன்னேன். கிட்ட வந்து பார்த்தார். வாய் அசைந்துகொண்டிருந்தது. "இவளும் வெத்திலை போட்ட மாதிரிச் சப்புறாள்" என்று சிரித்தார். தாய்ப்பாசம் என்று சொல்லவில்லை. சாப்பிடாமல் எத்தனை நாள் என்று கேட்டார். சொன்னதும், "ம்" என்றார். கறிக்கு உதவுமா என்றும் கேட்டார், அதை மறைக்க விரும்பவில்லை.

விடிந்து பார்த்தால் தொண்டை தட்டையாகிக் கிடந்தது. வெளியே விட்டுவிட்டதோ என்று கல்லைக் கிளப்பி, சிப்பிகளைப் புரட்டி, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு குஞ்சு இல்லை. மற்ற மீன்களும் கொஞ்சம் பிடித்திருக்கலாம், ஆனால் வாயில் வைத்திருக்கிறவளே விழுங்குவது இந்த மீன்களில் சாதாரணம். மனைவி குசினி வாசலில் நின்று, "என்ன தாய் இது" என்றாள். மகன் தொட்டியைப் பார்க்காமலே பள்ளிக்கு வெளிக்கிட்டான். எனக்கும் வாயில் வந்தது நல்ல வார்த்தை இல்லை.

பெரியம்மா வெற்றிலையின் நரம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னார்: "அவளுக்குப் பசிச்சிருக்கும்."

அவ்வளவுதான். விளக்கமும் இல்லை, மன்னிப்புக் கேட்கிற தொனியும் இல்லை. மீன் சாப்பிட்டது, ஏனென்றால் பசித்தது. நான் தண்ணீரில் கையை வைத்தபடியே நின்றேன். அவர் சுண்ணாம்பைத் தடவி மடித்து வாயில் வைத்துவிட்டு, கேட்காமலே ஒரு கதையைத் தொடங்கினார். 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியைப் பற்றி எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் ஒரு கதை இருக்கும். தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்த கதை, கூரை பறந்த கதை. பெரியம்மா அந்தக் கதைகளைச் சொல்லித்தான் நாங்கள் வளர்ந்தோம். இது அந்தப் பட்டியலில் இல்லாதது.

அப்போது அவருக்குக் கையில் ஒரு பிள்ளை, பால்குடி. மூத்தவள் நடந்து திரிகிற வயது. பெரியப்பா ஆற்றுக்கு இந்தப் பக்கம் வந்தவர் திரும்ப முடியாமல் நின்றுவிட்டார். விழுந்த தேங்காயை உடைத்துத் தின்று எத்தனை நாள் இருக்கலாம்? பால் வற்றிவிட்டது. பிள்ளை இழுத்து இழுத்து அழுதான். யாரோ கொண்டுவந்த கொஞ்ச அரிசியில் கஞ்சி காய்ச்சினார். "முதல் கோப்பைய நான் குடிச்சன், மனே. மூத்தவள் பாத்துக்கொண்டு நிண்டாள். இரண்டாவதையும் நான்தான் குடிச்சன். மிச்சத்தத்தான் அவளுக்குக் கொடுத்த." அவருடைய மாமியார் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை பார்க்கப் பார்க்கக் குடித்த பொம்பிளை என்று ஊரெல்லாம் சொன்னார், சாகும்வரை சொன்னார். "நான் குடிச்சாத்தான் அவனுக்குப் பால். அது கணக்கு. பாசமெண்டு ஆர் சொன்ன?" என்றுவிட்டு, எழும்பிப் போய் வேலியோரம் துப்பிவிட்டு வந்து, தேயிலை போடவில்லையா என்று கேட்டார்.

இரண்டும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும். பெரியம்மா பிள்ளையைக் காப்பாற்றக் குடித்தார்; மீன் குஞ்சைத் தின்றது. பெரியம்மாவுக்கும் அது தெரியும், அவர் மீனைத் தன்னோடு ஒப்பிடவும் இல்லை. ஆனால் எனக்கு நெடுநாளாக ஒட்டாமல் இருந்தது எது என்று அன்றைக்குத் தெரிந்தது. சாப்பிடாத தாயைக் கும்பிடுகிற வாய்தான் சாப்பிட்ட தாயை ஏசுகிறது. அந்த மாமியாரும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் கல்லுக்குள் நிற்கும் மீனைப் பார்த்துத் தாய்ப்பாசம் என்றுதான் சொல்லியிருப்பார்.

உயிரியல் படித்தவர்கள் பெரியம்மாவின் பக்கம்தான் நிற்கிறார்கள். குஞ்சு குறைவாக இருந்தால், தாய் மெலிந்திருந்தால், இடம் பாதுகாப்பில்லை என்று பட்டால் வாயில் உள்ளதை விழுங்கிவிட்டு அடுத்த முறைக்கு உடம்பைத் தேற்றிக்கொள்வது இந்த மீன்களின் வழக்கம். வாயில் குஞ்சு வைத்திருக்கும் காலத்தில் தாயின் உடம்புக் கலங்களுக்கே சேதம் ஏறுகிறது என்றும், குஞ்சுகளில் ஒரு பகுதியைத் தின்பது அந்தச் சேதத்தைச் சமாளிப்பதோடு தொடர்புபட்டிருக்கிறது என்றும், வேறொரு ஆப்பிரிக்கச் சிக்லிட்டை வைத்துச் செய்த ஆய்வொன்று 2022இல்தான் வந்தது. அதே வருடம் எங்கள் ஹோலில் அந்த முடிவு இரண்டு சொல்லில் வந்துவிட்டது என்று நான் பீற்றிக்கொள்வதுண்டு.

வாயைத் திறக்க வைப்பது

மீன் வளர்ப்பவர்களுக்குள் தீராத சண்டை ஒன்று உண்டு. தாய் தானாக விடும்வரை காத்திருப்பதா, இடையிலேயே வாயைத் திறந்து குஞ்சுகளை எடுப்பதா? எடுப்பதை நான் அடியோடு எதிர்த்து வந்தேன். தாயையும் பிள்ளையையும் பிரிப்பது, இயற்கைக்கு மாறு, இன்னும் என்னென்னவோ. இப்போது யோசித்தால் அந்த வாதங்களும் அம்மா பாட்டின் இன்னொரு சரணம்தான். நல்ல சதைப்பிடிப்போடு இருக்கிறவளை இப்போதும் தன்பாட்டில் விடுகிறேன். முதுகு கூராகத் தொடங்கியவளை, பதினெட்டு நாளளவில் பிடித்துவிடுகிறேன்.

கை நனைந்திருக்க வேண்டும், வலையும் நனைந்திருக்க வேண்டும். காய்ந்த கை மீனின் மேல் வழுவழுப்பை உரித்துவிடும். தொட்டித் தண்ணீர் நிறைந்த ஒரு வெள்ளைக் கோப்பைக்கு மேல் அவளைத் தலைகீழாகப் பிடித்து, முனை மழுங்கிய பிளாஸ்டிக் குச்சியால் கீழுதட்டை மெல்லத் தாழ்த்த வேண்டும். முதலில் இறுக்குவாள். அவசரப்படக்கூடாது. வாயைத் தண்ணீரில் தொட வைத்து எடுத்தால் ஒன்று வழுக்கி விழும், பிறகு இரண்டு மூன்றாக. வயிற்றில் மிச்சம் மஞ்சட்கரு ஒட்டிக்கொண்டு, கண் மட்டும் கறுப்பாக, கோப்பையின் அடியில் துள்ளும். அவற்றை ஏர் குழாய் மெதுவாகக் குமிழிவிடும் ஒரு போத்தலுக்குள் போட்டால் தாயின் வாய் செய்த வேலையைக் குமிழி செய்யும். மஞ்சட்கரு தீர்ந்ததும் பொடித்த சாப்பாட்டைத் தாமாகவே தின்னும். பார்க்கிறவர்கள் கொடுமை என்கிறார்கள். சரி, சொல்லட்டும்.

அவளைத் தனியாக ஒரு சின்னத் தொட்டியில் விடுகிறேன். முதல் நாள் ஒரு சிட்டிகை, அதுவும் ஸ்பைருலினா என்கிற பாசித்தூள் கலந்தது. நெடுநாள் வெறும் வயிற்றில் நிறையப் போட்டால் ஊதிச் செத்துப்போகும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். அந்தத் தொட்டியில் ஆண் இல்லை என்பதுதான் முக்கியம். உடனே பெரிய தொட்டிக்கு விட்டால் அவன் கல்லைத் துப்புரவாக்கிக்கொண்டு நடுங்கத் தொடங்கிவிடுவான், மெலிந்த உடம்போடு அவளும் போய்விடுவாள், திரும்பவும் மூன்று கிழமைப் பட்டினி. எனக்குக் குஞ்சு எடுக்கும் கடைக்காரர் இதை ஒத்துக்கொள்வதில்லை. நீங்கள் மீனை வைத்துச் சீராட்டுகிறீர்கள், நான் வியாபாரம் செய்கிறேன் என்கிறார். மாதத்துக்கு ஒரு தடவை எடுத்துத் தந்தால் ஒரு குஞ்சுக்குப் பத்து ரூபாய் கூட்டித் தருவாராம். மாரி வரட்டும், தண்ணீர் குளிரட்டும், பார்ப்போம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.